கடைசியில் இருந்த பெயர்

14 அக்டோபர் 2008, செவ்வாய்
அஜைல் முறைக்கு மாறியதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை வேலையைப் பிரித்து முடிக்கிறோம். சுவரில் ஒட்டும் மஞ்சள் சீட்டுகள் இனி போதாதாம். வேலையைக் கண்காணிக்க இரண்டு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஓட்டிப் பார்த்து எதை வாங்கலாம் என்று நான் எழுதித் தர வேண்டும். பிழை தேடும் சோதனைக் குழுவுக்கு நீதானே லீட் என்றார் மேனேஜர் ஹரிசங்கர். படூர் ஆபீஸிலிருந்து செங்கல்பட்டு வீடு வரும்வரை பஸ்ஸில் அதே நினைப்பு.

20 அக்டோபர்
முதல் மென்பொருள், ஆளுக்கு எத்தனை வேலை முடித்தோம் என்று எண்ணி வரிசைப்படுத்துகிறது. முதலில் ஆனந்தன், முப்பத்தொன்று. என் குழுவின் ரெபேக்காள் நான்கு. கடைசி.
"இன்னாக்கா, நான் சும்மாவா குந்திகினு கீறேன்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

21 அக்டோபர்
ஆள் குறைக்கப் போகிறார்களாம். "இந்த வரிசையே போதும். கீழ இருக்கிற அஞ்சு பேரை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் ஹரிசங்கர் சார்.
இதுக்குத்தானா இது? என் கையாலயா?

23 அக்டோபர்
சோறு இறங்கவில்லை.

24 அக்டோபர்
ரெபேக்காளின் நான்கு வேலைகளையும் திறந்து படித்தேன். நான்கும் அவள் கண்டுபிடித்த பிழைகள். ஒன்றுக்கே ஆறு நாள். ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதும் நிரலில், ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளுக்கு மருந்து மாறிப்போகிறது. அதை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். என் கண்ணில்கூடப் படவில்லை.

27 அக்டோபர்
தீபாவளி. "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றாள் அம்மா.

29 அக்டோபர்
இரண்டாவது மென்பொருள் ஆளை எண்ணுவதில்லை. வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று மட்டும் காட்டும். அதையே வாங்கலாம் என்று எழுதி, ரெபேக்காள் கண்டுபிடித்த நான்கு பிழைகளையும் இணைத்தேன்.
சார் படித்தார். "உன் பேரும் கீழ அஞ்சுல ஒண்ணு. தெரியுமில்ல?"
"தெரியும் சார்."
இருக்கைக்கு வந்ததும், அவருக்கு மேலே இருக்கும் வசந்தா மேடத்துக்கும் பிரதி அனுப்பிவிட்டேன்.
தப்பு பண்ணிட்டேனோ? வேலை போச்சுன்னா அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்?

3 நவம்பர்
மேடத்திடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

10 நவம்பர்
இரண்டாவதையே வாங்கிவிட்டார்கள். எங்கள் குழுவில் யாரையும் அனுப்பவில்லை. அந்த நான்கு பிழைகளையும் வசந்தா மேடம் வரி விடாமல் படித்திருக்கிறார். சோதனைக் குழுவுக்கு லீட் இனி ரெபேக்காள். மேடம் அழைத்துச் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன்.
மதியம் ரெபேக்காள் என் மேசையருகே வந்து நின்றாள். "அக்கா, கோச்சிக்கினியா?"
"இல்லடி" என்றேன். கொஞ்சம் இருந்தது.
மாலையில் புதிய மென்பொருளில் எனக்கு முதல் வேலையைப் பதிந்திருந்தாள். கீழே ஒரு வரி: "அவசரமில்லக்கா. நல்லா பாரு."