கடுகளவு ரவை

சுகர் லேண்ட்,
ஜூன் 1997

என்னங்க,

பறவைகள் இன்னும் தக்காளியைக் கொத்துகின்றனவா என்று சான் ஹோசேயிலிருந்து போனில் கேட்டீர்கள். இல்லை. எலிக்கென்று வாங்கிய அந்தச் சின்னத் துப்பாக்கியால், சோறு தின்றுகொண்டிருந்த கறுப்புப் பறவையைச் சுட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போனீர்களே, அன்றிலிருந்து நம் தோட்டத்துக்கு எதுவுமே வருவதில்லை.

நேற்று அமாவாசை. செழியன் நம்மை விட்டுப் போனதிலிருந்து வைப்பதுபோலவே வேலி ஓரம் சோறு வைத்தேன். தொண்டை வறள, "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஆர் யூ ஓகே?" என்றாள். சோறு காய்ந்து போயிற்று.

அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "அது காக்காயே இல்ல, கிராக்கிள்னு வேற பறவை. கடுகு மாதிரி ரவைதான். இதுக்குப் போய் அழுவியா?"

காக்காய் இல்லைதான். ஆனால் இந்த ஊரில் நம் பிள்ளையின் சோற்றுக்கு வந்தது அது ஒன்றுதான்.

தக்காளியெல்லாம் ஒரு கொத்துக்கூடப் படாமல் பழுத்து, செடியிலேயே அழுகுகிறது. அடுத்த அமாவாசைக்கு வாருங்கள். நீங்களே சோறு வைத்துக் கூப்பிடுங்கள். உங்கள் கைச் சோற்றுக்கு வருகிறானா, பார்க்கலாம்.

இப்படிக்கு,
அவன் அம்மா