ஏலகிரியில் நீ கடந்த கயிறு

மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். மலைக்குக் கூட்டிப்போய், மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் பிள்ளைகளை நடக்கவைக்கப் போகிறார்களாம். பயம் தெளியும், ஒருவரையொருவர் நம்பப் பழகுவார்கள், தன்னம்பிக்கை வளரும் என்று நன்மைகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அது உனக்குத் தெரியும். படிக்க நீ இல்லை என்று தெரிந்தும் அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

செல்போன் நம் தெருவில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. விம்கோ நகரில் நம் தெருவும் பின்தெருவும் தண்ணீர் லாரிக்காக அடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போன கோடை. இரண்டு தெருப் பையன்களையும் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனம் ஏலகிரிக்கு மூன்று நாள் கூட்டிப்போனது. உனக்கோ உயரம் என்றாலே ஆகாது. ரயில் நிலைய மேம்பாலத்தில்கூடக் கம்பி ஓரம் வராமல் நடுவிலேயே நடப்பாய்.

இரண்டு தைல மரங்களுக்கு நடுவே, தென்னை உயரத்தில் கயிறு. ஏறுகிறவன் இடுப்பில் பெல்ட். அந்த பெல்ட்டோடு சேர்த்த இன்னொரு கயிற்றைக் கீழே நாலு பேர் பிடித்திருக்க வேண்டும். உனக்கு நானும் பின்தெருக்காரர்கள் மூவரும் பிடித்தோம். அவர்களில் ஒருவன் லாரிச் சண்டையில் உன் மூக்கை உடைத்தவன். மேலே பலகையில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாய்.

"வுட்ருவீங்களாடா?"

உன் மூக்கை உடைத்தவன்தான் முந்திக்கொண்டான். "வுட மாட்டோம் மாமு. தைரியமா வா."

வந்தாய். இறங்கியதும் அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாய்.

ஊர் திரும்பியபின் நீ வேறு ஆள். லாரி வந்தால் இரண்டு தெருவையும் ஒரே வரிசையில் நிறுத்தினாய். வேலை பார்த்த குடோனில் முதலாளி முன் நிமிர்ந்து பேசினாய். அப்படிப் பேசியே வேலையை இழந்தாய்.

நான் அப்போது எண்ணூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்க அவர் ஆள் தேடினார். நான்தான் சொன்னேன். "நம்ம பையன் ஒருத்தன் கீறான் சார். ஒசரம்னா பயமே இல்ல."

முதல் நாள் காலையில் டேங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"பெல்ட்டு எங்கடா?"

பெல்ட்டுகள் ஸ்டோர் அலமாரியில் புதிதாகக் கிடந்தன. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே எடுப்போம். மாட்டிக்கொண்டு ஏறினால் வேலை ஓடாது என்பார் கான்ட்ராக்டர். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ரெண்டு நாள் வேலதான மச்சான். எடுத்தா அவரு கத்துவாரு."

"மலைல நாலு பேரு புடிச்சிகினு இருந்தீங்க. இங்க யார்ரா புடிப்பா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். நானும் சிரித்தேன். நீ ஏறிப் போனாய்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன் விழுந்தாய். நான் ஓடிவந்தபோது கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. கான்ட்ராக்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "போலீஸ் வர்றதுக்குள்ள ஒரு பெல்ட்ட எடுத்தாந்து கட்டு."

அலமாரியைத் திறந்தேன். ஒரு கையால் உன் இடுப்பைத் தூக்கி, பெல்ட்டைச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். உன் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. பெல்ட் போட்டிருந்தும் கவனக்குறைவால் விழுந்தான் என்று எழுதினார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

உன்னை இரண்டு தெருவும் சேர்ந்துதான் தூக்கிப் போனது. உன் மூக்கை உடைத்தவன் முன்பக்கம் தோள் கொடுத்தான். நான் கூட்டத்தின் கடைசியில் வந்தேன்.

உன் அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை போவேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பார்.

"பெல்ட்டு போட்டுகினுதான இருந்தான். அப்பறம் எப்பிடிப்பா வுழுந்தான்?"

"கவனம் இல்லாம இருந்துட்டான்மா" என்கிறேன்.

அவர் நம்புகிறார்.