நான்காவது மாத்திரை

மார்ச் 4, வெள்ளி

காலையிலிருந்து பொட்டலம் போட்டுப் போட்டு விரல் நுனி மரத்துவிட்டது. கால்வலிப் பொட்டலம், தலைவலிப் பொட்டலம், வயிற்றுப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் நிறத்துக்கு ஒன்றாக நாலு மாத்திரை, பெயர் எதுவும் எழுதாமல். முன்கூட்டியே கட்டி வைக்காவிட்டால் சந்தை நேரத்தில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. மருந்துக்கடைக்காரிதான், ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு நான் 'டாக்டரம்மா'. அலுப்பாக இருக்கிறது.

லத்தானா அக்கா வந்தாள். சந்தை முனையில் அரிசி நூடுல்ஸ் சூப் விற்கிறவள். இரண்டு வருஷமாகத் தினம் ஒரு கால்வலிப் பொட்டலம் அவளுக்கு. "பெட், உன் மருந்து மட்டும் இல்லைன்னா அடுப்பு முன்னால உட்கார்ந்தவ உட்கார்ந்தபடியே கெடப்பேன்டி" என்றாள். கன்னம் இரண்டும் உப்பி, ஆள் பளபளவென்று இருக்கிறாள். மீன்காரி விடுவாளா? "வித்தது போக மிச்சத்தையெல்லாம் நீயே குடிச்சுடறியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தோம்.

மார்ச் 8, செவ்வாய்

மகளிர் தினம். தெருப் பெண்கள் எல்லாம் ஒரே நிறத்தில் பாவாடை தைத்துக் கட்டிக்கொண்டு, பீரும் ஆட்டமுமாக அமர்க்களம். நான் கடையில். நாளையும் மறுநாளும் மாகாண அலுவலகத்தில் மருந்துக்கடைக்காரர்களுக்குப் பயிற்சி. போகாவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம்.

மார்ச் 10, வியாழன்

திரையில் ஒரு படம் போட்டார்கள். வட்ட முகம், உப்பிய கன்னம், கையெல்லாம் கன்றிய நீலத் திட்டு. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் தின்றால் இப்படி ஆகுமாம். எலும்பு உளுத்துப்போகும், சர்க்கரை ஏறும் என்றார்கள்.

அது லத்தானா அக்காவின் முகம்.

கால்வலிப் பொட்டலத்தின் நாலாவது மாத்திரை, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டுதான். தெரியாமலா போட்டேன்? பெயர் தெரியும். வலி சட்டென்று நிற்கும் என்பது தெரியும். இந்தத் தொழிலை எனக்குக் காட்டிக் கொடுத்த கடைக்காரர், "இது இருந்தாத்தான் ஆள் திரும்பி வரும்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். இரண்டு நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. கொடுத்த தாள்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து வெள்ளை மாத்திரையை எடுத்தேன். மூன்றாக இருந்தால் கேட்பார்கள். சொன்னால் எதிர்க்கடை பூன்தோங்கிடம் போய்விடுவார்கள், அவன் பொட்டலத்திலும் அதேதான். அதனால் அதே அளவில் ஒரு வெள்ளை வைட்டமின் மாத்திரையைப் போட்டு மூடிவிட்டேன். இனி யாருக்கும் கெடுதல் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 14, திங்கள்

"உன் கைராசி போயிடுச்சா பெட்?" — அக்கா. முழங்கால் குடைகிறதாம், சோறு இறங்கவில்லையாம். வெயில் அதிகம், இளநீர் குடியுங்கள் என்றேன்.

மார்ச் 17, வியாழன்

கால்வலிப் பொட்டலம் வாங்குகிற பதினோரு பேரில் பத்துப் பேர் பூன்தோங் கடைக்குப் போய்விட்டார்கள். என் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். போகட்டும்.

அக்கா மட்டும் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் அவன்கிட்ட வாங்கச் சொல்றாங்க. ரெண்டு வருஷமா உன் மருந்துல நடமாடிட்டு, நாலு நாள் வலிக்குதுன்னு கடை மாறுவேனா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 20, ஞாயிறு

எழுத வரவில்லை.

காலையில் மீன்காரி சொன்னாள்: அக்கா நேற்று முழுக்க வாந்தி, விடியற்காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள், மாகாண ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வயிற்றுப்போக்கு என்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், ரத்த அழுத்தம் ஏறவே இல்லை.

ஏனோ அந்தப் பயிற்சித் தாள்களைத் தேடி எடுத்தேன். கடைசித் தாள். நான் எழுந்து வந்த பிறகு நடந்த பாடம். பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது: நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். சொன்னால் கடை போய்விடும். பொட்டலத்தின் மேல் பெயரா எழுதியிருக்கிறது? நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எத்தனை நேரம் அப்படி நின்றேன்? பத்து நிமிஷமாவது இருக்கும். பத்து நிமிஷம், அவள் உள்ளே சாகக் கிடக்கும்போது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

உள்ளே போனேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. மகள் தாலா பக்கத்தில். டாக்டர் சின்னப் பெண், தாலாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்: "என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு கேட்டா, செவப்பு ஒண்ணு மஞ்சள் ஒண்ணுங்கறீங்க. நான் என்னம்மா பண்றது?"

"நான் சொல்றேன்" என்றேன். சொன்னேன். இரண்டு வருஷக் கதையையும், பத்து நாள் கதையையும், வைட்டமினையும்.

டாக்டர் உடனே ஸ்டீராய்டு ஊசியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

மார்ச் 21, திங்கள்

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி குடித்தாளாம். தாலா என்னை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டாள்.

"கெடுதல்னு தெரிஞ்சதும் எடுத்தீங்க, சரி. எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன அத்தை?"

அழுதுகொண்டே வந்தேன்.

டாக்டர் பின்னாலேயே வந்து கேட்டாள்: "இன்னும் எத்தனை பேர்?"

மார்ச் 22, செவ்வாய்

மீதிப் பத்துப் பேர் வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தர் தென்னை மரத்தில் இருந்தபடியே பதில் சொன்னார்: "பூன்தோங் மருந்து சூப்பரா வேலை செய்யுது. கோவிச்சுக்காத டாக்டரம்மா." அவன் ஸ்டீராய்டு போட்டதால்தான் பிழைத்திருக்கிறார்கள். என்னை நம்பியவள் ஒருத்திதான் விழுந்தாள். என்ன சொல்லி இதை ஆற்றிக்கொள்வது?

பூன்தோங்கிடம் போய், அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே, டாக்டரிடம் அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வை என்றேன். "யாவாரத்தையும் குடுத்துட்டு வகுப்பும் எடுக்க வந்தியா?" என்று சிரித்தான். "நான் எதுக்கு நிறுத்தப்போறேன்? போ, போய்த் தூங்கு."

மார்ச் 24, வியாழன்

டாக்டர் எழுதி அனுப்பினாளாம், மாகாண அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பொட்டலங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கடை மூட உத்தரவு.

ஏப்ரல் 2, சனி

அக்கா வீடு திரும்பிவிட்டாள். விலகிப்போன உயிரைக் கூப்பிட்டு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு இன்று. தெருவே போயிற்று. என்னைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 15, வெள்ளி

புது வருஷம். வெளியே தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏப்ரல் 19, செவ்வாய்

கடை திறந்தேன். பத்து மணி வரை ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு தலைவலிப் பொட்டலம் கேட்டு ஒருவர், இருமலுக்கு ஒரு பெண். பொட்டலம் இல்லை, அட்டையில்தான் தருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது லத்தானா அக்கா வந்தாள். கோல் ஊன்றி, மெல்ல. முகம் வற்றியிருக்கிறது. எனக்கு எழுந்து நிற்பதா உட்கார்வதா என்றே தெரியவில்லை.

டாக்டர் எழுதிய சீட்டை மேஜையில் வைத்தாள். ஸ்டீராய்டுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத" என்றாள். "மொதல்ல பூன்தோங்கிட்டதான் போனேன். என்ன மாத்திரைடான்னு கேட்டா, 'நல்ல மாத்திரைக்கா'ங்கறான். நீயாவது ஆஸ்பத்திரியில வாயத் தொறந்த. எடு. ஒண்ணொண்ணாப் பேரைப் படி. எதுக்கு, எத்தனை நாளு, நிறுத்தினா என்ன ஆகும், எல்லாம் சொல்லு. எனக்குப் படிக்கத் தெரியாது, காது நல்லாக் கேக்கும்."

படித்தேன். குரல் இரண்டு தடவை உடைந்தது. அவள் காத்திருந்து, "ம், மேல சொல்லு" என்றாள்.

தலைவலிக்காரர் நகரவே இல்லை. அவள் போனதும் கையிலிருந்த அட்டையை என்னிடமே திருப்பி நீட்டினார். "எனக்கும் படிச்சுக் காட்டிட்டுக் குடு டாக்டரம்மா."

மூன்று பேருக்கு மருந்து கொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தொண்டை கட்டிவிட்டது.