மிதிபட்டவர் கேட்ட மன்னிப்பு

சித்தூர். செவ்வாய், இரவு.

ஆஸ்பத்திரியில் இன்று கனடா டாக்டரம்மா தன் நாட்டாரையே கேலி செய்தார். யாராவது காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவர்தான் அங்கே மன்னிப்புக் கேட்பாராம். எல்லாரும் சிரித்தோம். "நீங்க இங்க எப்படிக் கேலி பண்ணிக்குவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

கம்பவுண்டர் ராமையா தெலுங்கர். தமிழச்சி என்பதால் என்னை 'அரவம்' என்பார்; தெலுங்கில் தமிழரைக் கேலியாகச் சொல்லும் சொல். நான் அவரை, ஆந்திராக்காரர்கள் உயிராய் நினைக்கும் புளிச்சகீரையின் பேரில், 'கோங்குரா' என்பேன். வருஷக்கணக்கான விளையாட்டு. அதைக் காட்டத்தான் சொன்னேன்: "மூட்ட கட்டிக்கினு கெளம்புங்க கோங்குரா, திருத்தணி எங்களுக்கு வருது."

அவர் வீடும் குடும்பமும் திருத்தணியில். திருத்தணியை ஆந்திராவிலிருந்து பிரித்து மெட்ராஸோடு சேர்க்கும் எல்லைப் பேச்சு வந்ததிலிருந்து அவர் மனைவிக்குத் தூக்கமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

டாக்டரம்மா மட்டும் சிரித்தார். ராமையா பதிலுக்கு 'அரவம்' என்று சொல்லவில்லை. துடைத்த மருந்துப் புட்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் எனக்காக நின்றிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. சிரிக்கணும்னுதான் பாத்தேன், வரல. மன்னிச்சிக்கோ."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக் காலை அவர் என்னையும் மற்ற நர்ஸுகளைப் போல மரியாதையாக 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிட்டால்?