பிழையாகத் திருத்திய வீடு

சிவமயம்

சண்டிலிப்பாய்,
15.03.1995

அன்புள்ள மகன் குகதாசனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பசுவும் நல்ல சுகம். அந்தக் கனடாக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மருதடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன், தேங்காய் இப்போது விற்கிற விலைக்கு அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். உன் கடிதமும் படமும் போன கிழமை கிடைத்தன. படத்தில் மஞ்சள் சட்டையும் முழங்கால் வரை றப்பர் சப்பாத்துமாக யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய வீட்டின் கீழறையில் வெள்ளத்துக்குள் நிற்கிறாய். அப்பா அதைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார், பிறகு "தண்ணிக்கை நிக்கிறதெண்டால் இஞ்சை வயல் கிடந்ததுதானே, உவனை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினனாங்கள்" என்று கேட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு போய்ச் சந்திக் கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய், கையுறை இல்லாமல் ஒன்றையும் தொடாதே.

வீடு திருத்துகிற வேலையை அம்மா இன்னும் விடவில்லையா என்று கேட்டிருந்தாய். விடுகிறதாவது, கரவெட்டியில் ஒரு கிளை ஓடுகிறது, பண்டத்தரிப்பில் பராசக்தி ரீச்சர் வருகிற வெள்ளிக்கிழமை இன்னொன்று திறக்கிறா. இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. வெள்ளம் புகுந்த வீடுகளைத் திருத்துகிற உன்னுடைய முதலாளி தன் சொந்தப் பெயரில் தொழில் நடத்தவில்லை, ஒரு பெரிய கொம்பனியின் பெயரையும் பலகையையும் சட்டையையும் வேலைமுறையையும் எடுத்து நடத்துகிறார், அதேபோல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவர் பிழைவிட்டால் எல்லோருக்கும் பெயர் கெடும் என்று முந்தி ஒருமுறை எழுதியிருந்தாயே, அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. குண்டு போடுகிற பொம்மர் வந்து எங்கள் குசினிக் கூரையைக் கொண்டுபோன நேரம் அது. குருநகரில் வள்ளம் கட்டிய சிமியோன் ஓடாவியார் இடம்பெயர்ந்து வந்து எங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். சத்தமான மனுசன், மூன்று வீட்டுக்கு அப்பால் நின்று கதைத்தாலும் பக்கத்தில் நிற்கிறதுபோல இருக்கும். "கடலிலை மிதக்கிறதைக் கட்டினவனுக்கு நிலத்திலை நிக்கிறது ஒரு வேலையோ அக்கா" என்று கேட்டுக்கொண்டே ஏறினார், அந்தக் கூரையில் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீடு கேட்டது, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு கேட்டது.

சீமெந்து கண்ணால் பார்க்கவும் கிடைக்காத ஊரில் சுண்ணாம்புச் சாந்து, கூரைக்குப் பனஞ்சிலாகை, விழுந்த வீட்டுக் கல், இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ஆனால் நான் சட்டம் போட்டேன். முதலில் குசினியைத் திருத்தவேண்டும், அந்த வீட்டுப் பெண் அடுப்பு மூட்டினால்தான் மற்ற அறைக்குப் போகலாம். ஒரு வீட்டை முடிக்காமல் இன்னொரு வீட்டில் ஏணி வைக்கக்கூடாது. உடைந்த கண்ணாடி, ஷெல் துண்டு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டுத்தான் இறங்கவேண்டும். 'பூரணம் வீடு திருத்தகம்' என்று நீலப் பலகை எழுதி வாசலில் மாட்டினேன். வீடு திருத்துகிறது இருக்கட்டும், ஆட்களை யார் திருத்துகிறது என்று அப்பா கேட்டார். அவருக்கும் ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தேன், அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கரவெட்டிக் கிளையை எடுத்தது உன் சின்ன மாமா சிவசுப்பிரமணியம்தான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல உழைப்பாளி, ஆனால் ஒரு சொல்லை முழுதாகக் கேட்கிற பொறுமை மட்டும் பிறந்த நாளிலிருந்து இல்லை. அதே நீலப் பலகை, அதே சட்டம், அவனுடைய ஆட்களுக்குச் சிமியோன் போய் இருந்து பழக்கினார். தைமாதம் சண்டை நிறுத்தம் என்று வந்து சத்தங்கள் ஓய்ந்ததும் இடம்பெயர்ந்த சனம் எல்லாம் வீடு பார்க்கத் திரும்பியது. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்படியிருக்க மாசிமாதம் ஒரு மத்தியானம் சின்ன மாமா கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினான். தேத்தண்ணி வேண்டாம் என்றான். அவன் தேத்தண்ணி வேண்டாம் என்றதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தேன். "அக்கா, கிளையிலை ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு" என்றான். எவ்வளவு சின்னது என்று கேட்டேன். "ஒரு வீட்டளவு" என்றான்.

நடந்தது இதுதான். கரவெட்டியில் நாகலிங்கம், கனகலிங்கம் என்று இரண்டு சகோதரர்கள். தகப்பன் அவர்களுக்கு ஒரேமாதிரி இரண்டு வீடு பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கொடுத்தவர், யன்னல், வாசல் படலை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல. நடுவில் ஒரு வேலி. அந்த வேலி வருசா வருசம் அடைக்கிறபோது நகர்கிறது என்று தம்பிக்காரன் சொல்ல, அவனுடைய முருங்கைதான் என் காணிக்குள் நகர்கிறது என்று தமையன் சொல்ல, தாய் செத்த வீட்டிலும் முகம் பார்க்காமல் நின்றவர்கள். குண்டு இரண்டு வீட்டுக் கூரையையும் பேதமில்லாமல் கொண்டுபோனது. தமையன் நாகலிங்கம் மனைவியின் ஊரான கொடிகாமத்தில் போய் இருந்தார், தம்பி குடும்பத்தோடு மல்லாவிப் பக்கம் போய்விட்டார். இப்போது நாகலிங்கம் தன்னுடைய பழைய புகையிலைக் கொட்டிலின் ஓடுகளையெல்லாம் கழற்றி வண்டிலில் ஏற்றி அனுப்பி, "கோயில் பக்கத்தாலை வந்தால் ரெண்டாவது படலை" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா இரண்டாவது படலை என்கிற அளவில் கேட்டுக்கொண்டு, கிணற்றுப் பக்கத்தால் வந்து இரண்டாவது படலையைத் திறந்து, குசினியில் தொடங்கி, சட்டம் ஒன்றும் பிசகாமல், தம்பியுடைய வீட்டைத் திருத்தி முடித்துவிட்டான். கண்ணாடித் துண்டுகளைக்கூடக் கூட்டி அள்ளியிருக்கிறான்.

உன் அப்பா தபாலதிபராக இருந்தவர் அல்லவா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ரை சேவைக் காலம் முழுக்க ஒரு தபாலட்டைகூடப் பிழையான வீட்டுக்குப் போகேல்லை. உன்ரை தம்பி ஒரு கூரையை அனுப்பிப் போட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை மகன். கரவெட்டியில் இது பரவினால் பண்டத்தரிப்பில் கிளை திறக்க முடியாது, இங்கேயும் பலகையைக் கழற்றவேண்டியதுதான். உன் முதலாளியைப் பற்றி நீ எழுதியதைத்தான் நினைத்தேன், கிளை விட்ட பிழை தலைக்கடையின் பிழை. அடுத்த நாள் காலை நானும் அப்பாவும் சிமியோனும் மண்ணெண்ணெயில் ஓடுகிற மினிபஸ்ஸில் ஏறிப் புகை குடித்துக்கொண்டே கரவெட்டிக்குப் போய் இறங்கினோம்.

நாகலிங்கம் கூரையில்லாத தன் வீட்டு முற்றத்தில் நின்று வேலிக்கு மேலால் அந்தப் பக்கத்துக் கூரையைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றார். "என்ரை ஓடு உவன்ரை தலைக்கு மேலையோ? என்ரை ஓட்டுக்குக் கீழை உவன் சோறு தின்னுறதோ?" என்று கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பிழை எங்களுடையது, ஓடுகளைக் கழற்றி உங்கள் வீட்டில் போட்டுத் தருகிறோம் என்றேன். சிமியோன் "ஏத்தினவனுக்கு இறக்கத் தெரியாதோ" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுப் பக்கம் போய் ஏணியை வைத்துவிட்டார். இரண்டு படி ஏறியும் விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் ஒழுங்கைக்குள் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் சத்தம் கேட்டது. கனகலிங்கம் பெண்சாதி பிள்ளைகள், பாய், சட்டிபானை எல்லாவற்றோடும் மல்லாவியிலிருந்து திரும்பி வந்து இறங்குகிறார். கிளாலிக் கடலில் வள்ளத்தில் நனைந்த உடுப்பு இன்னும் காயவில்லை.

மனுசன் படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரையை அண்ணாந்து பார்க்கிறார், வீட்டைச் சுற்றி வருகிறார், குசினிக்குள் போய் வருகிறார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறா. பிறகு அவர் வேலிக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்ற தமையனைக் கண்டார், ஓடுகளையும் கண்டார், அந்தப் புகையிலைக் கொட்டில் ஓடுகளை அவருக்குத் தெரியாதா, அதற்குக் கீழே ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளைதானே. வேலியைப் பிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து "அண்ணை" என்றார். ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல். "அம்மா போனதோடை எனக்கெண்டு ஒருத்தருமில்லை எண்டு இருந்தனான் அண்ணை. உங்கடை வீட்டை விட்டிட்டு எனக்கோ முதல் செய்தனீங்கள்?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சின்ன மாமா, அதுதான் சொன்னேனே, பொறுமையில்லாத பிறவி, "இல்லை ஐயா, அது வந்து" என்று தொடங்கிவிட்டான். நான் அவனுடைய பாதத்தில் ஏறி நின்றேன். ஏணியில் நின்ற சிமியோன் தலையைச் சொறிந்துவிட்டு ஓடு சரிபார்க்கிறவர்போலத் தட்டிக் காட்டினார். எல்லோரும் நாகலிங்கத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. மனுசன் கடைசியில் கூரையைப் பார்த்து, தம்பியைப் பார்க்காமல், "மேற்குப் பக்கம் கொஞ்சம் ஒழுகும்போலை கிடக்கு. பாத்துச் செய்யச் சொல்லுறன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன், அப்பா என்னை விட மோசம், மூக்கைச் சிந்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. தமையனுடைய வீட்டுக்குக் கூரை இல்லையே, வேறெங்கும் போகக்கூடாது என்று தம்பி அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் இருத்தினார். இரண்டு குடும்பமும் ஒரு குசினி. கிழமை முடிவதற்குள் நாகலிங்கம் மாமாவிடம் ஆள் அனுப்பினார், தம்பியோடு ஒரு குறையும் இல்லை, ஆனால் பெண்டுகள் இரண்டுபேரும் உப்பு அளவில் ஒத்துப்போகிறார்களில்லை, கெதியாய் என் வீட்டை முடியுங்கள் என்று. அவருக்குக் கொடுக்க ஓடு எங்கே? எங்கள் மாட்டுக் கொட்டிலின் ஓடுகளைக் கழற்றி வண்டிலில் அனுப்பினேன். பசுவுக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தாயிற்று. அது தன்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை என்று அப்பா சொல்கிறார், பால் குறைந்ததற்கும் அதுதான் காரணமாம். உண்மை வெளியே வராமல் இருக்குமா, கரவெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. கனகலிங்கத்திடமும் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர் "பிழையாய் வந்தாலும் அண்ணையின்ரை ஓடுதானே, கழட்டாமல் விட்டவர்தானே" என்றாராம். நாகலிங்கம் இன்றைக்கும் தான்தான் சொல்லிச் செய்வித்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சின்ன மாமாவோ தான் வேண்டுமென்றேதான் செய்ததாகச் சொல்கிறான், அவனை என்ன செய்யலாம் சொல்லு.

பெயர் கெடும் என்று பயந்து கிடந்தேன், இப்போது வேறு கரைச்சல். போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்து அதையும் இதையும் கதைத்துவிட்டுப் போகிறபோது குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, பிழையாய் எண்டு சொல்லி என்ரை தங்கச்சியின்ரை யன்னலையும் ஒருக்கால் போட்டுவிடுவியளோ? நானெண்டு தெரியக் கூடாது" என்று கேட்டா. மற்ற நாள் இன்னொருவர், மாமனார் வீட்டுக் கூரைக்கு. பராசக்தி ரீச்சரிடமும் கிளை திறக்க முதலே இப்படி இரண்டுபேர் கேட்டுவிட்டார்களாம், இதற்கு என்ன சட்டம் என்று எழுதிக் கேட்டிருக்கிறா. வீட்டுக்காரர் தன் கையால் படலையைத் திறந்துவிடாமல் இனி எந்தக் கிளையும் ஏணி வைக்கக்கூடாது என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். மற்றதுக்கு, இப்படி இரகசியமாய் வருகிறவர் நல்ல மனதோடு கேட்டால் பிழைவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கொழும்புக்கு வாருங்கள், அங்கிருந்து கனடாவுக்கு எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனது எங்களுக்குத் தெரியும் ராசா. ஆனால் சனம் திரும்பி வந்து படலை திறக்கிற நேரத்தில் நான் பலகையைக் கழற்றிக்கொண்டு வரமுடியுமா? இந்தச் சமாதானம் எவ்வளவு நாளைக்கோ யாருக்குத் தெரியும். இருக்கிற நாளில் இருக்கிற கூரைகளைப் போட்டுவிட வேண்டும். அப்பாவும் வரமாட்டார், பண்டத்தரிப்பில் நாடா வெட்டுகிறது அவர்தான், இப்போதே கத்தரிக்கோலைத் தீட்டி வைத்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் அந்தக் குளிர்ச் சோடாவைக் குடிக்காதே. மருதடியான் உன்னை எந்த வெள்ளத்திலும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வார், நல்ல இடத்தில் பெண்ணும் அமையும், நானும் கொஞ்சம் தேடுகிறேன்.

ஒன்றை மறக்காதே. நீயும் ஜேர்மனியில் இருக்கிற அண்ணை வாகீசனும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறதில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம், இரண்டுபேரும் எழுதுகிற கடிதத்தில் மற்றவனைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதில்லை, தாய்க்கு அது போதும். அண்ணைக்கு மகன் பிறந்திருக்கிறான். பேரனுக்கு ஒரு சோடி வெள்ளிக் காப்பு செய்வித்து, ஜேர்மனிக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கிறபோது, இது சித்தப்பா குகதாசன் கனடாவிலிருந்து சொல்லிச் செய்வித்தது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு வருகிற நேரம் காப்பும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணை உனக்கு ரெலிபோன் எடுப்பான், அழுதாலும் அழுவான், அவன் சின்னனிலும் அப்படித்தான். நீ ஒன்றும் விளக்கம் சொல்லாதே. "ஓம் அண்ணை" என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
சீ. பூரணம்
(தலைக்கடை)