செருப்பைக் கழட்டினவ

சனிக்கிழமை.

பின்னேரம் கடைத்தொகுதி முற்றத்தில வயலின் வாசிக்கேக்க, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில ஒரு முருகன் பாட்டும் வாசிச்சனான். வெள்ளவத்தைச் சைவச் சனம் நிண்டு கேக்கட்டுமெண்டுதான். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன், எனக்கு அது வெறும் மெட்டு.

ஒரு அம்மா பையைக் கீழ வைச்சா. செருப்பைக் கழட்டிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. வெயிலில கொதிச்ச கல்லுத்தரை. பாவம், கால் சுடுமெண்டு கடைசிச் சரணத்தை விட்டிட்டுக் கெதியா முடிச்சன்.

"ஏன் தம்பி, கடைசிச் சரணம் எங்க?"

"மறந்திட்டன் அம்மா."

"பரவாயில்லை, முதல்ல இருந்து வாசியுங்கோ."

செருப்பை அவ போடேல்லை. எனக்கும் சப்பாத்தோட நிக்க ஏலாமப் போச்சு, கழட்டினன். பாட்டு முடியுமட்டும் நான் கால் மாத்தி மாத்தி நிண்டன். அவ அசையவேயில்லை.