முதலில் கேள்வியைப் படி

உன் மகள் காலையில் வந்து ஒரு பழைய நோட்டைக் கொடுத்தாள். அதிலிருந்து பட்டுநூல் வாசனையும் கஞ்சி வாசனையும் சேர்ந்து வந்தன. உன் தறிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் இருந்ததாம். நீ போய்ச் சேர்ந்து இன்றோடு இருபது நாள். அட்டையில் இருந்தது என் கையெழுத்து. அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நாம் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டோமே, அந்த வருஷத்து நோட்டு. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். நம் தெரு நெசவாளர் சங்கத்தில் ஒரே ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. தேறியவனுக்குத்தான் அது. நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாத்தியாரிடம் டியூஷன் சேர்ந்தேன். உன் தறியில் முகூர்த்தச் சேலை இருந்ததால் நீ எழ முடியாது. "அவரு சொல்றத அப்படியே வந்து எங்கிட்ட சொல்லுபா. நான் நெய்துக்கினே கேட்டுக்கறேன்" என்றாய்.

மத்தியான வேளைகளில் உன் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து, நோட்டில் எழுதி வந்த ஆங்கிலப் பத்திகளை உரக்கப் படித்தேன். ஊடு நூலோடு நாடா இப்படியும் அப்படியும் ஓடும் சத்தத்துக்கு நடுவே நீ கேட்டாய். மூன்று தடவை படித்தால் போதும், பத்தி முழுதும் உனக்கு மனப்பாடம். எங்கே கேட்டாலும் டக்கென்று பதில் சொன்னாய். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு அவ்வளவு வரவில்லை. வயிறு எரிந்தது, அதை இன்று மறைப்பானேன்.

ஒரு நாள் வாத்தியார் பரீட்சை எழுதுகிற வழியைச் சொன்னார். "முதல்ல கேள்வியப் படிங்க. அப்புறம் பத்தியப் படிச்சா பதில் தானா கண்ணுல படும். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, அந்த இடத்துல வேற வார்த்தைய வச்சிப் படிச்சுப் பாருங்க. தெரியாதத விட்டுட்டு மேல போங்க." அன்று மத்தியானம் நீ வழக்கம்போல, "இன்னிக்கி இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"புதுசா ஒண்ணுமில்லபா. இன்னொரு பத்திதான்" என்றேன். என் நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

பரீட்சையில் வந்தவை எல்லாம் நாம் பார்த்தே இராத நீளமான பத்திகள். நீ பழக்கப்படி ஒவ்வொன்றையும் மூன்று தடவை நிதானமாகப் படித்திருக்கிறாய். பின்னாலிருந்த கேள்விகளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. "கேள்வி இன்னான்னு பாக்கறதுக்குள்ளயே நேரம் பூடுச்சிபா" என்று வெளியே வந்து சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போனாலும் மார்ச்சில் இன்னொரு தடவை எழுதித் தேறியிருப்பாய். நான் "வா, டீ குடிக்கலாம்" என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. நோட்டு உன்னிடமே தங்கிவிட்டது. அதற்கப்புறம் எத்தனை வருஷம், நெய்து முடித்த சேலையோடு நீ சங்கத்துக்கு வந்து நின்றாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மடிப்பைப் பிரித்துக் குறை தேடினேன். "உள்ள இருக்கறது நம்ம ஆளு" என்று வரிசையில் நின்றவர்களிடம் பெருமை பேசுவாய். அது காதில் விழும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்ததே இல்லை.

உன் மகள் கிளம்பும்போது, "அப்பா சொல்லிக்கினே இருப்பாரு மாமா, 'அவன் ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தான், எனக்குத்தான் மண்டையில ஏறல'ன்னு" என்றாள். "இல்லம்மா..." என்று தொடங்கினேன். "காப்பி சாப்ட்டுட்டுப் போம்மா" என்று முடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறதடா. இந்த வயதிலும் அதே ஆள்தான் நான்.

அவள் போனபின் நோட்டைப் புரட்டினேன். நான் ஒரு தடவை படித்துக் காட்டினால் பத்தியின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவாயே, ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடுதான் இருக்க வேண்டும். முதல் பத்திக்கே இருபத்தாறு இருந்தன. பாதிக்கு மேல் பேனாவால், நீல மையிலும் கறுப்பு மையிலும். நான் சங்கத்து நாற்காலியில் இருந்த காலமெல்லாம், மண்டையில் ஏறவில்லை என்று நம்பிக்கொண்டு நீ தனியாகப் படித்திருக்கிறாய்.

கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. வாத்தியார் சொன்னதை இன்று அதில் எழுதினேன். மூன்று வரிகூட வரவில்லை. நாளைக்கு நோட்டோடு உன் வீட்டுக்குப் போய், உன் மகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். செருப்பை மாட்டும்வரை தைரியம் இருந்தால் போதும்.